ஒரு ஜோடி ஜுராபும் கொஞ்சம் சரித்திரமும்

"உங்க ஊர்ல உலகத்துக்கே பின்னிக் கொடுக்கறாங்கன்னு பெருமையா சொன்னீங்களே மேனேஜர் சாப், உங்களுக்கு ஒரு ஜுராப் பின்னத் தெரியாதா?"

கீழ்வீட்டு அம்மாஜி ஹிந்தியில் இப்படிக் கேட்டபோது அடியேன் அசடு வழிந்தேன். திருப்பூரில் பிறந்து வளர்ந்தவன்தான். ஆனால் எங்கள் ஊரில் பின்னுவது மெஷின். நான் பார்த்ததெல்லாம் டெம்போவில் வந்து இறங்கும் துணி ரோல்களை. இரண்டு ஊசியைக் கையில் பிடித்து, நூலைச் சுற்றி, கண்ணி கண்ணியாகப் பின்னுகிற ஒரே ஒருவரைக்கூட நான் திருப்பூரில் பார்த்ததில்லை. அப்படிப் பின்னுகிறவர்களைப் பார்க்க வங்கிக்காரர்கள் என்னை மாற்றல் போட்டு ஹிமாசலப் பிரதேசத்தின் குல்லுவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

குல்லுவில் எங்களுக்கு இது மூன்றாவது குளிர்காலம். நாங்கள் மாடியில், வீட்டுக்காரர்கள் கீழே. அவர்கள் லாஹௌல்காரர்கள். ரோத்தாங் கணவாய்க்கு அந்தப்பக்கம், கேலாங் ஊருக்கு அருகில் ஒரு கிராமம். முன்பெல்லாம் பனி விழுந்து கணவாய் மூடிவிட்டால் லாஹௌலுக்கும் வெளியுலகத்துக்கும் மாதக்கணக்கில் சாலைத் தொடர்பு இருக்காது. அதனால் வசதி உள்ளவர்கள் குல்லுப் பள்ளத்தாக்கில் ஒரு வீடு வைத்துக்கொண்டு குளிருக்கு இறங்கி வந்துவிடுவார்கள். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு பாதி கஷ்டம் தீர்ந்தது. ஆனாலும் அம்மாஜிக்குப் பழக்கம் விடவில்லை. நவம்பரில் வந்தால் மார்ச் கடைசியில்தான் மலையேறுவார். அதுவரை மதிய வெயில் விழும் திண்ணையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே இருப்பார். உட்கார்ந்து மட்டுமில்லை, நடந்துகொண்டே, பேசிக்கொண்டே, பேரனைத் திட்டிக்கொண்டேயும்.

முதல் குளிர்காலத்தில் நடந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் பின்னிய ஒரு ஜோடி ஜுராப், பூ வேலைப்பாடு போட்டது, எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. விலை கேட்டேன். 400 ரூபாய் என்றார். நான் என்ன செய்தேன்? திருப்பூர்க்காரன் புத்தி. "டால்பூர் மைதானத்துல 100 ரூபாய்க்கு சாக்ஸ் கிடைக்குதே அம்மாஜி" என்று இழுத்து 300-க்கு முடித்தேன். மாடிக்கு வந்து தங்கமணியிடம் காலரை வேறு தூக்கிவிட்டுக்கொண்டேன். தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்ன கேள்விக்குப் பதிலாக "கத்துக்கொடுங்க, கத்துக்கறேன்" என்று ரோஷத்தில் சொல்லிவிட்டேன். அம்மாஜி சிரித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஐந்து ஊசிகளையும் ஒரு உருண்டை நூலையும் கையில் திணித்தார். ஊசிக்கு இங்கே 'சலாய்' என்று பெயர். கம்பளிக்கு 'ஊன்'. கண்ணிக்கு 'ஃபந்தா'. பின்னலில் இருப்பதே இரண்டு கண்ணிதான்: 'சீதா', 'உல்டா'. நேர், எதிர். கம்ப்யூட்டரில் ஒன்றும் பூஜ்யமும் மாதிரி, எல்லாமே இந்த இரண்டிலிருந்துதான்.

'ஜுராப்' என்ற வார்த்தைதான் முதலில் என்னைச் சரித்திரத்துக்குள் இழுத்தது. அரபியில் இது 'ஜவ்ரப்', துருக்கியில் 'சோராப்'. பாரசீகம் வழியாக இந்தப் பக்கம் வந்து பஞ்சாபிலும் ஹிமாசலத்திலும் ஜுராப் ஆகிவிட்டது. நாம் சொல்லும் சாக்ஸுக்கு மூலம் லத்தீனில் 'சோக்கஸ்', ரோமானிய நகைச்சுவை நாடக நடிகர்கள் மாட்டிக்கொண்ட மெல்லிய செருப்பு. அதைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது 'ஹோசியரி'. திருப்பூரில் ஹோசியரி என்றால் பனியன், ஜட்டி. எங்கள் வீதியில் பாதிக் கம்பெனிகளின் போர்டில் அந்த வார்த்தை இருக்கும். 'ஹோஸ்' என்றால் ஆங்கிலத்தில் காலில் மாட்டும் நீள உறை. ஆக ஹோசியரி என்பது காலுறைத் தொழில். சாக்ஸே போடாத ஊரில் இத்தனை போர்டு :-)

சாக்ஸ் எவ்வளவு பழசு? லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் ஒரு ஜோடி சிவப்புக் கம்பளி சாக்ஸ் இருக்கிறது. எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரில் கிடைத்தது, வயது சுமார் 1,600 வருடம். கட்டை விரலுக்குத் தனியாக ஒரு பிரிவு, மற்ற நான்குக்குச் சேர்த்து ஒன்று. வார் வைத்த செருப்போடு போட்டுக்கொள்ள வசதியாக. ஆனால் அது இன்று நாம் சொல்லும் பின்னல் இல்லை. ஒரே ஒரு தையல் ஊசியில் துண்டு நூலைக் கோத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் முழு நூலையும் இழுத்து இழுத்துச் செய்த முடிச்சு வேலை. இரண்டு ஊசிப் பின்னல் அதற்குப் பிறகு வந்தது. அதிலும் பழைய சாட்சிகள் எகிப்திலிருந்துதான்: 11-ஆம் நூற்றாண்டுக்கும் 14-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட சாக்ஸ், நீலமும் வெள்ளையும் கலந்த வேலைப்பாடு. எதில் பின்னியது தெரியுமா? பருத்தியில். கம்பளி என்றால் குளிர்தேசம், பருத்தி என்றால் நாம் என்று நினைத்திருந்த எனக்கு, கையில் இருக்கும் மிகப் பழைய பின்னல் சாக்ஸ்கள் பருத்தி என்பது கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் இரண்டு வாரம் மேல் பட்டியிலேயே போயிற்று. கணுக்காலுக்கு மேலே இறுகப் பிடிக்குமே, அந்தப் பகுதி. இரண்டு சீதா, இரண்டு உல்டா, மறுபடி இரண்டு சீதா என்று மாற்றி மாற்றிப் போனால் ரப்பர் இல்லாமலே இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். எங்கள் ஊரில் பனியன் கழுத்துக்கு வைக்கும் 'ரிப்' இதேதான். சின்ன வயதிலிருந்து ரிப் ரோல்களைப் பார்த்தும், அது ஏன் விரிகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மெஷினுக்கு இந்த உல்டாவைக் கற்றுக்கொடுத்தவர் ஜெடடையா ஸ்ட்ரட் என்ற ஆங்கிலேயர். டெர்பி ஊரில் 1750-களின் கடைசியில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முந்தைய சுமார் 170 வருடம் மெஷின் சீதா மட்டுமே பின்னிக்கொண்டிருந்தது என்பதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி. இரண்டு வாரம் அப்படி ஒன்றும் அதிகமில்லை.

பட்டிக்குக் கீழே கால் பகுதி சுலபம். நான்கு ஊசியில் கண்ணிகள் சதுரமாக நிற்கும், ஐந்தாவது ஊசியால் சுற்றிச் சுற்றி வந்தால் போதும், குழாய் மாதிரி இறங்கிக்கொண்டே போகும். திருப்பூர் வட்டப் பின்னல் மெஷினில் துணி இறங்குவதும் இப்படித்தான். இந்த வட்ட யோசனையை மெஷினுக்குக் கொண்டுவந்து 1816-ல் காப்புரிமை பெற்றவர் மார்க் ப்ரூனெல். லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கம் தோண்டினாரே, அதே ஆள்.

அதற்கப்புறம் வந்தது குதிகால். இங்கே 'ஏடி' என்பார்கள். இங்கேதான் ஐயா வாழ்க்கை வெறுத்தது.

நேராக இறங்கும் குழாய் 90 டிகிரி திரும்ப வேண்டும். எப்படி? மொத்தம் 56 கண்ணி என்றால் பாதியை, அதாவது 28-ஐ, சும்மா ஊசியில் நிறுத்திவிட வேண்டும். மீதி 28-ல் மட்டும் முன்னும் பின்னுமாக ஒரு சதுரத் துண்டு பின்னணும். அது குதிகாலின் பின்சுவர். அடுத்து அந்தத் துண்டின் நடுவைக் கொஞ்சம் தாண்டும்வரை மட்டும் பின்னி, இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்து, பாதியிலேயே திரும்பி விட வேண்டும். மறுபக்கமும் அதே போல. வரிசைக்கு வரிசை ஒரு கண்ணி கூடுதலாகப் போய்த் திரும்ப, துணி தானாகவே கிண்ணம் மாதிரி குழியும். பிறகு சுவரின் இரண்டு ஓரத்திலும் புதுக் கண்ணிகளைப் பொறுக்கி எடுத்து, நிறுத்தி வைத்த 28-ஐயும் சேர்த்துக்கொண்டு, அதிகமானதை மெல்ல மெல்லக் குறைத்து மறுபடி 56-க்கு வர வேண்டும்.

எழுதும்போது நான்கு வரி. பின்னும்போது நான் பிரித்தது ஆறு முறை. ஒவ்வொரு முறையும் அம்மாஜி நூலின் நுனியைப் பிடித்து ஒரே இழு, என் உழைப்பு முப்பது விநாடியில் உருண்டையாகிவிடும். "ஏடியில அவசரப்படக்கூடாது பேட்டா" என்பார். மேனேஜர் சாப் எப்போது பேட்டா ஆனேன் என்று கவனிக்கவில்லை. அநேகமாக மூன்றாவது முறை பிரித்தபோது.

இந்தக் குதிகால்தான் காலுறைச் சரித்திரத்தில் பெரிய சண்டைக்கும் நடுவில் நிற்கிறது.

1589-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் வில்லியம் லீ என்ற பாதிரியார் முதல் பின்னல் மெஷினைச் செய்தார். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கொக்கி ஊசி, வரிசையாக. கண்ணி கண்ணியாக இல்லாமல் முழு வரிசையாகவே பின்னும். எலிசபெத் ராணியிடம் காப்புரிமை கேட்டுப் போனதாகவும், கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் வயிற்றில் அடிக்கும் என்று ராணி மறுத்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, லீ பிரான்சுக்குப் போனார். அங்கே ஆதரித்த நான்காம் ஹென்றி மன்னர் 1610-ல் கொலையானதும் ஆதரவும் போயிற்று. மனிதர் சில வருடத்தில் அங்கேயே செத்துப்போனார். சொந்த ஊரில் விலைபோகாமல் வெளியூர் போய், அங்கேயும் ஒட்டாமல் போனவர். நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் வலிக்கும் கதைதான். அவர் தம்பி ஜேம்ஸ் மெஷின்களோடு இங்கிலாந்து திரும்ப, தொழில் மெதுவாக வேர் பிடித்தது.

லீயின் மெஷின் தட்டையாகத்தான் பின்னும், குழாயாக இல்லை. ஆனால் அதில் வேலை செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஓரங்களில் கண்ணியைக் கூட்டியும் குறைத்தும், கெண்டைக்கால், கணுக்கால், குதிகால் என்று வடிவத்தைப் பின்னலிலேயே கொண்டுவந்து, கடைசியில் பின்பக்கம் ஒரு தையல் போடுவார்கள். அந்த வடிவம்தான் அவர்கள் தொழில். அதற்குத்தான் கூலி.

1800-களின் தொடக்கத்தில் முதலாளிகள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். அகல மெஷினில் வெறும் துணியாகப் பின்னு, அதைக் கத்திரியால் கால் வடிவத்தில் வெட்டு, தைத்து விற்றுவிடு. வெட்டின ஓரம் சீக்கிரம் பிரிந்துவிடும், ஆனால் விலை மலிவு. தொழில் பழகாத ஆளை வைத்தே ஓட்டலாம். கூலி விழுந்தது. மெஷினுக்கு வாடகை கொடுத்துத்தான் பலர் வேலை செய்தார்கள், அந்த வாடகை மட்டும் குறையவில்லை. 1811-ல் நாட்டிங்ஹாம்ஷயர்க் காலுறைக்காரர்கள் ராத்திரியில் கிளம்பி மெஷின்களை உடைக்க ஆரம்பித்தார்கள். நெட் லுட் என்ற கற்பனைத் தலைவன் பெயரில். ஆம், இன்றைக்குப் புது டெக்னாலஜியைக் கண்டு பயப்படுகிறவனை 'லுட்டைட்' என்று கிண்டல் செய்கிறோமே, அந்த லுட்டைட்கள் இவர்கள்தான். ஆனால் கிண்டல் செய்வதற்கு முன் கணக்கைப் பாருங்கள்: அவர்கள் உடைத்த மெஷின் அப்போதே 200 வருடம் பழசு. அதில்தான் அவர்கள் தாத்தாவும் பூட்டனும் பிழைத்தார்கள். கோபம் மெஷின் மேல் இல்லை. ஒழுங்காக வடிவம் பின்னத் தெரிந்தவனின் கூலியை, வெட்டித் தைத்த மட்டச் சரக்கு தின்றதே, அந்தக் கோபம்.

அரசாங்கம் என்ன செய்தது? 1812-ல் மெஷினை உடைத்தால் தூக்கு என்று சட்டம் போட்டது. அந்த மசோதாவை எதிர்த்துப் பிரபுக்கள் சபையில் பேசியவர்களில் ஒருவர் கவிஞர் பைரன். அதே நாட்டிங்ஹாம்ஷயரில் வீடு உள்ளவர், வயது 24. பிப்ரவரி 27-ஆம் தேதி அவர் அந்தச் சபையில் பேசிய முதல் பேச்சே காலுறைத் தொழிலாளிகளுக்காகத்தான். சட்டம் நிறைவேறிவிட்டது என்பது வேறு விஷயம்.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காரணம் இருக்கிறது. வட்ட மெஷினில் துணியாகப் பின்னு, கட்டிங் மாஸ்டர் வெட்டட்டும், ஓவர்லாக்கில் தைத்துவிடு... இதுதானே என் ஊர்? லுட்டைட்கள் எந்த முறையை எதிர்த்து உயிரை விட்டார்களோ, அதே முறைதான் 1920-களில் சிறிதாகத் தொடங்கி பின்னர் திருப்பூரை உலகத்துக்கே பனியன் அனுப்பும் ஊராக்கியது. என்னைப் படிக்கவைத்ததும் அதுதான். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் கைமடி. பவர் டேபிளில் டெய்லர் தைக்கத் தைக்க எதிரே உட்கார்ந்து மடித்து அடுக்கும் வேலை. பிறகு செக்கிங். பீஸ் ரேட். அவசர ஆர்டர் என்றால் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட். சனிக்கிழமை ராத்திரி சம்பளக் கவரை விளக்கடியில் வைத்து டஜன் கணக்கு சரிபார்ப்பார். ஒரு வாரம் கணக்கில் இரண்டு டஜன் குறைந்ததற்காகத் திங்கட்கிழமை போய் நின்று சண்டை போட்டு வாங்கிவந்தது எனக்கு நினைவிருக்கிறது. கொசுவர்த்தி போதும். அந்த அம்மாவின் பையன்தான் அம்மாஜியிடம் 100 ரூபாய் குறைத்துப் பெருமை பேசினவன்.

அம்மாஜியின் கைக்கு இந்தப் பின்னல் எப்படி வந்தது என்பதும் ஒரு வெளியூர்க்காரரின் கதைதான். லாஹௌலில் ஆட்டு ரோமமும் நூற்பும் நெசவும் பழசு. ஊசிப் பின்னல் அப்படியில்லை. ஜெர்மனியிலிருந்து மொரேவியன் திருச்சபையின் ஊழியர்கள் ஹைடே, பாகெல் என்று இருவர் மங்கோலியாவுக்குப் போவதற்காகக் கிளம்பி வந்தார்கள். திபெத் வழியாகப் போக அனுமதி கிடைக்கவில்லை. திரும்பிப் போக மனசில்லாமல் 1856-ல் கேலாங்கில் தங்கிவிட்டார்கள். 1859-ல் ஹைடேயைக் கல்யாணம் செய்துகொள்ள மரியா என்ற பெண் வந்து சேர்ந்தார். கடல் கடந்து, மலை கடந்து, ரோத்தாங் ஏறி. கேலாங் கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல். வருடத்தில் பாதி பனி. அந்த ஊரில் ஏறத்தாழ 40 வருடம் குடித்தனம் நடத்தினார். லாஹௌல் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து சாக்ஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்.

அவர்கள் வந்தது மதம் பரப்ப. அந்தக் காரியத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, சேர்ந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். அம்மாஜி வீட்டில் இன்றும் புத்தர் படத்துக்கு முன்னால்தான் விளக்கு எரிகிறது. ஆனால் பின்னல் தங்கிவிட்டது. தங்கியது மட்டுமில்லை, லாஹௌல் பெண்கள் அதை எடுத்துத் தங்கள் நிறம், தங்கள் பூவேலை என்று மாற்றிவிட்டார்கள். 2021-ல் லாஹௌல் பின்னல் காலுறைக்கும் கையுறைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம திண்டுக்கல் பூட்டு, பழனி பஞ்சாமிர்தம் வாங்கிய அதே குறியீடு. அம்மாஜியிடம் இதைச் சொன்னேன். "அப்படியா? கடைக்காரன் விலையைக் கூட்டலையே" என்றார்.

அவரிடம் மரியா ஹைடே பற்றிக் கேட்டேன். பெயர் தெரியவில்லை. "பாட்டி சொல்வாள், யாரோ மேம் சாஹிப் கத்துக்கொடுத்தான்னு" என்றார், அவ்வளவுதான்.

குதிகால் ஏழாவது முறை ஒருவழியாகத் திரும்பியது. அதற்கப்புறம் பாதம், மறுபடி சுற்றிச் சுற்றி. கடைசியாக விரல் நுனி. அம்மாஜி கண்ணிகளைக் குறைத்துக் குறைத்து மிச்சமுள்ள எட்டில் நூலைக் கோத்துச் சுருக்கி முடிச்சுப் போட்டுவிடுவார். இங்கிலீஷ் முறையில் இரண்டு ஊசிக் கண்ணிகளையும் தையல் தெரியாமல் கோத்துச் சேர்ப்பார்கள். அதன் பெயர் 'கிச்சனர்' பின்னல். 1902 முதல் 1909 வரை இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்தாரே, அதே கிச்சனர் பிரபு. முதல் உலகப்போரில் அவர் பிரிட்டனின் போர் அமைச்சர். பதுங்குகுழித் தண்ணீரில் நாள்கணக்கில் நின்ற சிப்பாய்களுக்குக் கால் அழுகியது. காய்ந்த சாக்ஸ் மாற்றிக்கொள்வது மருந்து மாதிரி முக்கியம். வீட்டுப் பெண்கள் லட்சக்கணக்கில் பின்னி அனுப்பினார்கள். விரலை உறுத்தும் தையல் இல்லாத முறையைக் கிச்சனரே சொன்னார் என்று கதை. உண்மையோ பொய்யோ, பெயர் நின்றுவிட்டது. 1914 செப்டம்பர் கடைசியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கி நேரே அந்தக் குளிருக்குள் போனவர்களில் இந்தச் சுற்றுவட்டார மலைக்காரர்களும் இருந்தார்கள். குதிகால் பின்னிய கைகள் யாருடையவை என்று பெயர் தெரியாது. கட்டளை போட்டவர் பெயர் மட்டும் பின்னலில் இருக்கிறது.

ஒற்றைக் கால் முடிக்க எனக்கு ஐந்து வாரம். ஜோடி முடிய ஜனவரி வந்துவிட்டது. பொங்கல் முடிந்த கையோடு அம்மாவும் திருப்பூரிலிருந்து வந்தார். முதல் முறையாகக் குல்லுக் குளிர். இறங்கியதுமே பல் அடிக்க ஆரம்பித்தது. நான் பின்னிய ஜோடியை அம்மா காலுக்குத்தான் கொடுத்தேன். அவர் மாட்டவில்லை. உள்பக்கத்தை வெளியே திருப்பினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். விரலை விட்டுக் குதிகால் மூலையில் நிறுத்தினார். அங்கே கண்ணி பொறுக்கிய இடத்தில் ஒரு சின்ன ஓட்டை. இருபது வருடச் செக்கிங் கண்ணுக்கு அது தப்புமா?

"ஏங்கண்ணு, இது டேமேஜு. செக்கிங்ல நிக்காது" என்றார்.

கீழே அழைத்துப் போனேன். அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது, அம்மாஜிக்குத் தமிழ் தெரியாது. அம்மாஜி பின்னிய ஒன்றைக் கையில் வாங்கி அதையும் உள்வெளி திருப்பி, மூலையில் விரல் வைத்து, ஓட்டை இல்லை என்று கண்டதும் அம்மா தலையை ஆட்டினார். அம்மாஜிக்குப் புரிந்துவிட்டது, சிரித்தார். பிறகு அம்மா என்னிடம், "இது ஒரு ஜோடிக்கு எத்தனை நேரம் ஆகுமாம், எவ்வளவு குடுப்பாங்களாம் கேளு" என்றார்.

கேட்டுச் சொன்னேன். வீட்டு வேலைக்கு நடுவே மூன்று நாள், பின்னுகிற நேரம் மட்டும் பதினாறு பதினேழு மணி. அகாடா பஜார் கடைக்காரர் கொடுப்பது 300. அதில் நூல் மட்டும் 120.

அம்மா விரலை மடக்கினார். "ரெண்டு ஷிப்டு. அப்ப ஒரு ஷிப்டுக்கு நூறு ரூவாகூட நிக்கலயா?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "நீ எவ்வளவு குடுத்து வாங்குன?" என்றார்.

நான் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து ஒரு 100 ரூபாய்த் தாளைப் பிரித்து அம்மாஜியின் நூல் கூடையில் வைத்தார். அம்மாஜி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். என்ன கணக்கு என்று அவருக்குப் புரியவே இல்லை. நான் மொழிபெயர்த்துச் சொல்லவும் இல்லை. வாய் வரவில்லை.

மணாலி, குல்லு என்று குடும்பத்தோடு சுற்றுலா வரும் நம்ம ஊர் மக்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சாலையோரத்தில் ஒரு பாட்டி கைப்பின்னல் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தால் பேரம் பேசுவதற்கு முன் அதை உள்வெளியாகத் திருப்பிக் குதிகாலைப் பாருங்கள். துண்டு துண்டாகத் தைக்காமல் கண்ணி கண்ணியாகத் திரும்பியிருந்தால், சொன்ன விலையைக் கொடுத்துவிடுங்கள்.

நான் இப்போது இரண்டாவது ஜோடியில் இருக்கிறேன். மேல் பட்டி முடிந்துவிட்டது. அடுத்த வாரம் குதிகால்.